மெதுவா மாமா வாங்கிய நாற்காலி

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஏறுகிற பிள்ளையிடம் "மெதுவா", இறங்குகிற பிள்ளையிடம் "மெதுவா", எதிரே வருகிற லாரிக்காரருக்குக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்தே "மெதுவாப்பா, மெதுவா". பிள்ளைகள் சும்மா விடுமா? மெதுவா மாமா என்று வைத்துவிட்டார்கள். பெற்றவர்களும் போனில் அந்தப் பெயரில்தான் நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறார்களாம்.

பயந்த சுபாவம் என்று சொன்னால் இவருக்குக் கோபம் வரும். "ஜாக்கிரதைன்னு சொல்லு" என்பார். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டபின் சீட்டுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வேனைப் பூட்டுவார், ஏதாவது ஒன்று தூங்கிக் கிடக்கிறதா என்று. வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகு திடீரென்று எழுந்துபோய் மறுபடியும் பார்த்துவிட்டு வருவார். கேஸ் மூடியிருக்கிறதா என்று நான் பார்த்த பிறகு இவர் பார்ப்பார். தான் பார்த்தது சரிதானா என்று இன்னொரு தடவை போய்ப் பார்ப்பார். இத்தனை வருஷத்தில் இவர் வேன் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அதைச் சொல்லியே என் வாயை அடைத்துவிடுவார்.

எனக்கும் பயத்தோடு நல்ல பழக்கம்தான். பல் டாக்டர் கிளினிக்கில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்கார வைக்கிற வேலை எனக்கு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களைக் காலையெல்லாம் சமாதானப்படுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே இவர் இருப்பார்.

எங்களோடு இவருடைய அத்தை இருக்கிறார். இவர் அப்பாவின் தங்கை. நானும் அத்தை என்றே கூப்பிடுகிறேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே காலம் முழுக்க உழைத்தவர். ஆள் ரொம்பச் சின்ன உருவம். என் தோளுக்குக் கீழே நிற்பார், மணிக்கட்டு ஒரு பிள்ளையின் மணிக்கட்டு அளவுதான். கவுண்டரில் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரு கையும் ஒரு குரலும்தான் தெரியுமாம். "தள்ளாதே! பின்னால போ! சில்லறையா கொடு!" என்ற அந்தக் குரலுக்கு மீசைக்காரர்களெல்லாம் ஒழுங்காக நிற்பார்களாம். அத்தை பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது, "இந்த அம்மாவா அது?" என்று வாயைப் பிளப்பார்களாம். அந்தக் குரலிலேயே வளர்ந்த இவருக்கு அத்தை சின்ன ஆள் என்பதே பாதி நேரம் நினைவில் இருக்காது. எனக்கும்தான்.

போன வருஷம் அத்தை பாத்ரூம் வாசலில் சறுக்கி விழுந்தார். இவர் காலை டிரிப்பில் இருந்தார், நான் கிளினிக்கில். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் நடந்து, வீட்டுக்கு வந்தபோது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க முடிந்தது. இரண்டு எட்டு வைக்க முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. "சக்கரம் வச்ச நாற்காலி ஒண்ணு வாங்கிருங்க" என்றார் எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா. அன்றிலிருந்து அத்தை ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்கக் கூடாது என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். காலை டிரிப் முடித்து இவர் உள்ளே வந்த பிறகுதான் நான் வெளியே போவேன். நான் திரும்பி வந்த பிறகுதான் இவர் சாயங்கால டிரிப்புக்குக் கிளம்புவார்.

மருத்துவச் சாமான் விற்கிற கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். பக்கத்து வீட்டு அக்காவை அத்தைக்குத் துணைக்கு உட்கார வைத்திருந்தோம். கடைக்காரர் முதலில் கேட்டதே, "உக்காரப் போறவங்க வரலையா?" என்றுதான்.

"அவங்களை எதுக்கு அலைக்கழிக்கணும்? நான் பாத்து எடுத்துக்கறேன்" என்றார் இவர்.

கடைக்காரர் இரண்டு வகையைக் காட்டினார். "இதுல நாலு சக்கரமும் சின்னது. பின்னால நின்னு ஒருத்தர் தள்ளணும். வெயிட் இல்ல, மடிச்சு வண்டியில போட்டுக்கலாம். அதுல பின்சக்கரம் பெருசு. உக்காந்திருக்கிறவங்களே கையால உருட்டிக்கிட்டுப் போகலாம்."

"அவங்களேவா?" என்று இவர் கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்களே எங்க போகணும்?"

அதோடு பெரிய சக்கர நாற்காலியின் கதை முடிந்தது. பிறகு சின்னச் சக்கர நாற்காலிகளை வரிசையாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தி, ஒவ்வொன்றிலும் தானே ஏறி உட்கார்ந்தார். டிரைவர் இல்லையா, ஓட்டிப் பார்க்காமல் வண்டி வாங்கினால் தூக்கம் வருமா? "நீ தள்ளு" என்றார் என்னிடம். இவர் எடைக்கு நான் எங்கே தள்ள? கடை வாசலில் இருந்த சரிவில் ஏற்றச் சொன்னார், இறக்கச் சொன்னார், நடுவில் நிறுத்தி பிரேக் போட்டுப் பார்த்தார். மூச்சு வாங்கியதில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்று இடுப்பை இறுக்குகிறது என்று ஒதுக்கினார். இன்னொன்றில் முழங்கால் இடிக்கிறது. கடைசியில் ஒன்றில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கைப்பிடியில் பரத்தி வைத்து, "ஆங், இதுதான். தாராளமா இருக்கு" என்றார். பெல்ட்டும் இருந்தது. எனக்கும் எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

அத்தையை அதில் உட்கார வைத்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை உட்காரலாம், அவ்வளவு இடம். முதுகைச் சாய்த்தால் கால் நீட்டிக்கொண்டு நின்றது. காலை மடக்கினால் முதுகுக்கு ஆதாரம் இல்லை. பாதம் வைக்கிற தகடு எங்கேயோ கீழே கிடந்தது. கைப்பிடி கிட்டத்தட்ட அக்குள் உயரத்தில் நின்றது.

"என்னடா இது, ரெண்டு டிக்கெட் சீட்டா?" என்றார் அத்தை.

இவர் போய்த் தலையணைகளைக் கொண்டுவந்தார். முதுகுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒவ்வொன்று, காலுக்கு அடியில் மடித்த போர்வை. மேலே பெல்ட். "இப்ப விழ மாட்டீங்க" என்றார். அத்தை கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். "பார்சல் கட்டிட்டான். விலாசம் எழுதிரு" என்றார். நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

பாத்ரூம்தான் வினையாகப் போனது. அந்த நாற்காலி வாசற்கால் வரைக்கும் வரும், உள்ளே நுழையாது. அவ்வளவு அகலம். அங்கிருந்து அத்தையின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, நடத்தி உள்ளே கொண்டுபோக வேண்டும். நான் இருக்கும்போது நான் செய்தேன். நான் இல்லாத நேரத்தில் இவர் செய்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மெதுவா அத்தை, மெதுவா" என்று கூட்டிப்போவார். உட்கார வைத்த பிறகு கதவைச் சாத்த மாட்டார். வெளியே நின்றுகொண்டு, கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார், விழுந்துவிடுவாராம். நான் சீக்கிரம் வந்த ஒரு நாள் அந்தக் கண்றாவியைக் கண்ணால் பார்த்தேன். நரகம் என்று தனியாக ஒன்று வேண்டாம் என்று தோன்றியது.

அதற்கப்புறம் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அத்தை என்னிடம் மட்டுமே கேட்டார். நான் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை, நான் வந்த உடனே ஒரு தடவை. இடையில் இவர் போய்ப் போய்க் கேட்பார், "வருதா அத்தை? போலாமா?" என்று. "வரலைடா" என்பார் அத்தை. வயசானால் அப்படித்தான் போல என்று இவர் நம்பிவிட்டார். நானும் நம்பினேன் என்று சொன்னால் பொய். எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது, ஆனால் அதைக் கிளற நேரம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தேன்.

அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. உதடு வெடித்திருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது பேச்சு எங்கோ போய், தியேட்டரில் இடைவேளை விட்டாச்சா என்று கேட்டார். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மாவை வீட்டுக்கே வரவழைத்தோம். அவர் பார்த்துவிட்டு, "சிறுநீர்ல கிருமி. தண்ணி குடிக்கிறாங்களா இல்லையா?" என்று கேட்டார்.

"நல்லா குடிக்கிறாங்க டாக்டர். நான் வச்ச டம்ளர் எப்பப் பாத்தாலும் காலியா இருக்கும்" என்றார் இவர் அடித்துச் சொல்லி.

டாக்டரம்மா நம்பவில்லை. "மருந்து எழுதியிருக்கேன். ஆனா தண்ணி உள்ள போகணும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆஸ்பத்திரியில சேர்க்கணும். இவங்க உடம்புக்கு அங்க போய்ப் படுத்தா எழுந்து வருவாங்களான்னு என்னால சொல்ல முடியாது" என்று இவரை வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

இவர் முகம் வெளுத்துப் போயிற்று. நான் வாசல் பக்கமாகச் சுற்றிப்போய் அத்தையின் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே பார்த்தேன். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் சுவர் ஈரமாக இருந்தது. பாசிகூடப் பிடித்திருந்தது.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கிய பிறகு அத்தையின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். "ஏன் அத்தை ஜன்னலுக்குத் தண்ணி ஊத்துறீங்க?" என்றேன்.

முதலில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "குடிச்சா போகணும்ல" என்றார்.

"அதுக்கு?"

"அவன் கையைப் பிடிச்சுக்கிட்டா? கைக்குழந்தையா இருந்தப்ப அவனுக்கு நான் கழுவி விட்டிருக்கேன். இப்ப அவன் கதவுக்கு வெளிய நின்னு 'ஆச்சா அத்தை, ஆச்சா'ங்கறான். அதுக்கு நாக்கு வறண்டு போனாலும் பரவாயில்ல." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அடக்காமல் அழுதேன். "நீ எதுக்கு அழுவுற, போய் வேலையைப் பாரு" என்று அத்தை என்னை அதட்டினார்.

அடுப்படியில் வைத்து இவரிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். இவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்கிட்ட என்ன வெக்கம்? நான் பிள்ளை மாதிரிதானே?" என்றார்.

"அதனாலதாங்க."

ரொம்ப யோசித்துவிட்டு, "அப்ப அந்த டயப்பர் வாங்கிரலாமா? எங்கயும் போகவே வேணாம், விழவும் மாட்டாங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "வாங்குங்க. முதல்ல உங்களுக்கு நான் கட்டி விடறேன். ஒரு நாள் வேன் ஓட்டிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்றேன். அன்றைக்கு அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலையில் இவராகவே வந்து, "அத்தையையும் கூட்டிக்கிட்டு அந்தக் கடைக்குப் போலாம்" என்றார்.

அத்தை உடம்பு தேறி, உட்காரத் தெம்பு வந்ததும் கிளம்பினோம். வேனில் அத்தையை நடு சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, என்னை ஒட்டி உட்காரச் சொல்லி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார். சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனார். "இறங்கி நடந்தாலே சீக்கிரம் போயிருப்பேன், இந்தக் காலை வச்சுக்கிட்டு" என்றார் அத்தை.

கடைக்காரர் அகலமான நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொள்ள முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அத்தையைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இவங்களுக்கா சார் அதை வாங்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டுவிட்டு, மூலையிலிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். வளர்கிற பிள்ளைகளுக்குச் செய்கிற அளவாம். பெரிய பின்சக்கரம், குறுகலான சீட்டு.

அத்தை அதில் உட்கார்ந்தார். முதுகு சாய்ந்தது, பாதம் தகட்டில் பதிந்தது, முழங்கை கைப்பிடியில் சரியாக வந்து நின்றது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அத்தை நேராக உட்கார்ந்ததைப் பார்த்தேன். இரண்டு கையும் தானாகக் கீழே இறங்கிச் சக்கரத்தைத் தொட்டன. ஒரு தள்ளு. நாற்காலி நகர்ந்தது. இன்னொரு தள்ளு.

"அத்தை, மெதுவா!"

இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடையின் மறுகோடிக்குப் போனவர் திருப்பத் தெரியாமல், ஊன்றுகோல்கள் அடுக்கியிருந்த இடத்தில் போய் முட்டினார். கோலெல்லாம் படபடவென்று சரிந்து விழுந்தன. இவர் "ஐயோ" என்று போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கோல்களுக்கு நடுவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இவர் குனிந்து நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். "வேணாம். இது வேணாம். இதே அளவுல தள்ளுற நாற்காலி இருந்தா கொடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

"இருக்கு சார்" என்றார் அவரும்.

"டேய்" என்றார் அத்தை.

"அத்தை, சொன்னாக் கேளுங்க. யாரும் பாக்காதப்ப நீங்க பாட்டுக்கு உருட்டிக்கிட்டுப் போய், பாத்ரூம்ல எழுந்து நிக்கிறப்ப பிடி விட்டுச்சுன்னா? அன்னைக்கு நான் வந்து பாத்தப்ப நீங்க தரையில எப்படிக் கிடந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். வேன் ஓட்டிக்கிட்டு இருக்கிறப்பகூட அதுதான் கண்ணு முன்னால வருது. எனக்குப் பயமா இருக்கு அத்தை." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பயம் என்ற வார்த்தை இவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். கடைக்காரர் கோல்களைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டார்.

அத்தையும் சிரிப்பை நிறுத்தினார். இவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "பயம் உனக்கு. பாத்ரூம் எனக்கு" என்றார். "நான் விழுந்தா நீ தூக்கு. விழுற வரைக்கும் விடு."

இவர் அங்கேயே தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். நான் கோல்களைப் பொறுக்கப் போனேன். வாயைத் திறந்திருந்தால் எந்தப் பக்கம் பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து இவர் எழுந்து, அந்தக் குறுகலான நாற்காலியின் பிரேக்கை நாலைந்து தடவை போட்டுப் போட்டுப் பார்த்தார். பிறகு, "இதையே போடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. தச்சரையும் கொத்தனாரையும் கூட்டிவந்தார். பாத்ரூம் சுவரில் அத்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இரும்புப் பிடி வைத்தார். இந்தத் தடவை அத்தையை உட்கார வைத்துப் பார்த்துத்தான் உயரத்தைக் குறித்தார்கள். அதன் வாசலில் இருந்த சின்ன மேட்டை இடித்துச் சமமாக்கினார். உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார். கூடவே, யாரிடமும் சொல்லாமல் ஒன்று செய்திருந்தார். அத்தைதான் கண்டுபிடித்தார்.

"தாழ்ப்பாள் எங்கடா?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"உள்ள விழுந்துட்டா எப்படித் திறக்கறது?" என்றார் இவர். அத்தை முறைத்தார். இவர் அசையவில்லை. இந்த ஒன்றில் நானும் இவர் பக்கம்தான் நின்றேன். "நீங்க கூப்பிடாம நான் திறக்க மாட்டேன் அத்தை. சத்தியமா" என்றார். அத்தை அரை மனதாக, "பாப்போம்" என்றார்.

அடுத்த நாள் ஞாயிறு. மதியம் நாங்கள் கூடத்தில் இருந்தோம். அத்தையின் அறையிலிருந்து சக்கரம் உருளுகிற சத்தம் வந்தது. இவர் எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அத்தை எங்களைக் கடந்து போனார், எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பாத்ரூம் வாசலில் ஒரு தடவை வாசற்காலில் இடித்தது. பின்னால் வந்து, நேராக்கி, மறுபடி போனார். இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் இடம்தான். நுழைந்துவிட்டார். உள்ளே திரும்பி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

இவர் என் பிடியிலிருந்து நழுவிப் பூனை மாதிரி போய்க் கதவுக்கு வெளியே நின்றார். நானும் பின்னால் போனேன். பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. சேலை சரசரப்பு. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் சத்தம் இல்லை, இருமல் இல்லை, பிடி அசைகிற சத்தமும் இல்லை. இவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கதவில் காதை வைத்தார். என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன், எனக்கே அதில் நம்பிக்கை இல்லாமல். இன்னும் கொஞ்ச நேரம் போனது. இவருடைய கை மெல்ல எழுந்து கதவின் கைப்பிடியைத் தொட்டது. கைப்பிடி லேசாக ஒரு சத்தம் போட்டது.

"உள்ள ஆள் இருக்கு" என்றார் அத்தை.